தத்தெடுப்புப் போஸ்டர்: கடலோரப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் எங்கள் கரையில் முதலில் வயிறு ஒட்டிப்போவது நாய்களுக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும். ஏலக்கூடத்தில் கழித்துப்போடும் காரல், சூடை மீன்களும் நின்றுபோகும். நாட்டுப்படகில் வருவது சந்தைக்கும் வீட்டுக்குமே சரியாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டிகளுக்கு அப்போது நாலைந்து மாதம் ஆகியிருக்கும். உருண்டையாக இருந்தபோது தூக்கிக் கொஞ்சியவர்கள், கால் நீண்டு காது தொங்கி நிற்கிற அந்த வயதில் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூட லீவும் அந்த மாதங்களில்தான். இந்த நாய், பூனைகளுக்கு வீடு தேடும் போஸ்டர் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் வகுப்புக்கு நான் அந்தக் காலத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் 9 வயது முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். காப்பகம் என்றால் பெரிய கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அது ஒரு அக்கா வீட்டுப் பின்கட்டு. பழைய மீன்வலையால் அடைத்த வேலி, சீமைக்கருவேல நிழல், நாலு மண்சட்டி. நாய், பூனை எல்லாம் சேர்த்து பத்துப் பன்னிரண்டு எப்போதும் இருக்கும். உங்கள் ஊரில் காப்பகம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும். ஒன்றரை மணி நேர வகுப்பாக நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

தொடங்கும் முன் நீங்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இரக்கத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. டீக்கடையில் பன் போடுகிறார்கள், மீன்வாடியில் மீன் போடுகிறார்கள். குறைவாக இருப்பது வீடு. ஆகவே போஸ்டர் இரக்கத்தைக் கேட்கக் கூடாது. இந்த ஒரு நாய் எப்படிப்பட்டது, உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தருவது வரைவதற்கு முன்னால் பார்ப்பதை.

முதல் நாள்: வண்ணப்பெட்டி மூடியே இருக்கட்டும்

ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒரு விலங்குக்கு இரண்டு பிள்ளைகள். காலை 7 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நாய்கள் குழிதோண்டிப் படுத்துக்கொள்ளும், பார்க்க ஒன்றும் இருக்காது.

பாதுகாப்பு விதிகளை அங்கே போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேலிக்கு வெளியே இருந்துதான் பார்க்க வேண்டும், கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் எந்த நாயின் கிட்டேயும் போகக் கூடாது. நகம் கீறினால்கூட மறைக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சளோ சுண்ணாம்போ காயத்தில் அப்பக் கூடாது. வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்து பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. அதனால் பெற்றோரிடம் சம்மதம் வாங்கும்போதே, 'சொன்னால் திட்டமாட்டோம்' என்று பிள்ளை முன்னால் சொல்ல வைத்துவிடுவேன்.

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தெரியாத பிள்ளைக்குக் கேள்வி கொடுங்கள். பெயர் சொன்னால் எந்தக் காதைத் திருப்புகிறது? சட்டியில் இன்னொரு நாய் வாய் வைத்தால் என்ன செய்கிறது? ஆட்டைக் கண்டால்? சைக்கிளைக் கண்டால்? படகு இன்ஜின் சத்தத்துக்கு எழுகிறதா, அப்படியே கிடக்கிறதா? புது ஆள் வந்தால் முன்னால் போகிறதா, பின்வாங்கிக் குரைக்கிறதா? 'நல்ல நாய்', 'அழகான நாய்' என்று நோட்டில் எழுதினால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள். ஒரு பையன் எழுதினான்: 'தண்ணி குடிக்கும் முன்னாடி சட்டியை ஒரு தடவை தட்டிப் பாக்குது.' இந்த மாதிரி ஒரு வரி கிடைத்துவிட்டால் முதல் நாள் வேலை முடிந்தது.

காப்பகத்தைக் கவனித்துக்கொள்பவரிடமும் பிள்ளைகளே கேட்டு எழுதட்டும்: என்ன வயசு, கடுவனா பெட்டையா, வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, கருத்தடை ஆயிற்றா. வெறிநோய்க்கான முதல் ஊசியை மூன்று மாதத்தில் போடுவார்கள், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டிக்குப் போஸ்டர் செய்யவே வேண்டாம். அது தாயிடம் இருக்க வேண்டிய வயது.

இரண்டாம் நாள்: ஒரே ஒரு வரி

இதற்கு ஒரு முழு வகுப்பையும் ஒதுக்குங்கள். படம் சுமாராக இருந்தாலும் நல்ல வரி வீட்டைக் கொண்டுவந்துவிடும். அழகான படத்துக்கு மேலே வெற்று வரி இருந்தால் ஒரு போன்கூட வராது.

ஒரு வருடம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, செவலைப் பெட்டைக் குட்டி ஒன்றுக்குப் போஸ்டர் செய்தாள். கண்ணீர் சொட்டுகிற முகம். மேலே, 'பாவம், காப்பாற்றுங்கள்.' டீக்கடையில் இரண்டு வாரம் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் 'அச்சச்சோ' என்றார்கள், அதோடு சரி. கடைக்காரர்தான் அவளைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பாவமுன்னுதான் நாங்களே தெனம் ரெண்டு பன்னு போடுறோமே. வீட்டுக்குக் கொண்டுபோனா கோழியப் பிடிக்குமா பிடிக்காதா? அதச் சொல்லு மொத."

அவள் போய் உட்கார்ந்தாள். அக்கா வீட்டுக் கோழிகள் மேய வரும் நேரம் பார்த்து, பத்து நாள் காலையில். மூன்றாம் நாள் குட்டி ஒரு தடவை துரத்தியது. அடைக்கோழி திரும்பி மூக்கில் ஒரு கொத்து கொத்தியது. அதற்குப் பிறகு கோழி பக்கமே போகவில்லை. அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாள் வாரியாகக் கோடு போட்டு, மூன்றாம் நாளில் மட்டும் பெருக்கல் குறி போட்டிருப்பாள். புதுப் போஸ்டரில் எழுதினாள்: 'கோழியைத் துரத்தாது. பத்து நாள் பார்த்துவிட்டேன்.' உச்சிப்புளி பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பத்து நாளும் உக்காந்து பாத்தது யாரு?"

மூன்றாம் நாள் துரத்தியதையும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "எங்க கோழியும் கொத்தும்" என்றார்.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள்: இந்தப் போஸ்டரைப் படிக்கப் போவது யார்? ஆடு கோழி வளர்ப்பவரா, கருவாடு காயப்போடும் முற்றம் வைத்திருப்பவரா, சின்னப் பிள்ளை இருக்கிற வீடா? அவர் மனதில் என்ன சந்தேகம் வரும்? அந்தச் சந்தேகத்துக்குப் பதில்தான் உங்கள் வரி. ஊருக்கு ஊர் இது மாறும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நாங்கள் போவது பூனைப் போஸ்டரோடுதான். பூனையைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ளும் வீடுகள் அங்கே நிறைய. அங்கே போகும் வரி, 'பரணில் எலி பிடிக்கும், அடுப்படிக்குள் வராது' என்பது மாதிரி இருக்கும், அது உண்மையாக இருந்தால்.

உண்மையாக இருந்தால் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'கடிக்காது' என்று எந்த விலங்கைப் பற்றியும் எழுதவிடக் கூடாது. 'இதுவரை யாரையும் கடித்ததில்லை' என்பதைக்கூட வளர்ப்பவர் உறுதியாகச் சொன்னால்தான் எழுதலாம். இடது பின்கால் நொண்டினால் அதை எழுத வேண்டும். பெட்டை என்றால் பெட்டை என்றே எழுத வேண்டும். குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்று பயந்துதான் பெட்டையை வேண்டாம் என்கிறார்கள், சந்தைப்பேட்டையிலும் பஸ் ஸ்டாண்டிலும் விட்டுப்போவதும் பெட்டைக் குட்டிகளைத்தான். மறைத்தால் பயம் போகாது. 'பெட்டை. கருத்தடை ஆபரேஷன் முடிந்தது' என்று சேர்த்து எழுதினால் போகும்.

இன்னொன்று, இனம். வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம், ஒல்லியாக இருந்தால் சிப்பிப்பாறை என்று பிள்ளைகள் ஆசையாக எழுதிவிடுவார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வந்தது, அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. பெயரைப் பார்த்து வாங்கிப்போனவர் ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்து விட்டுப்போனால் அடிபடுவது நாய்தான். 'நாட்டு நாய்' என்று எழுதுங்கள். நிறத்துக்கு நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன: செவலை, சாம்பல், கருப்பு. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே நாய் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள்: தாள், முகம், எழுத்து

கடையில் கிடைக்கும் சார்ட் 22-க்கு 28 அங்குலம். பாதியாக வெட்டினால் 22 அங்குல உயரம், 14 அங்குல அகலம். ஒரு போஸ்டருக்கு அது போதும். வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை வாங்குங்கள். தாளை உயரவாக்கில் நாலாக மடித்துப் பிரித்தால் நாலு பட்டை கிடைக்கும். மேல் பட்டை வரிக்கு. நடு இரண்டும் முகத்துக்கு. கீழ்ப் பட்டை விவரத்துக்கும் போன் நம்பருக்கும். ஸ்கேல் கணக்கு எதுவும் வேண்டாம், மடிப்பே கோடு.

எங்கள் பிள்ளைகள் எதை வரையச் சொன்னாலும் பின்னால் பாம்பன் பாலம் வந்துவிடும். 1914-இல் திறந்த பழைய பாலமும் வேண்டும், 2025-இல் திறந்த புதுப் பாலமும் வேண்டும், இடையில் ரயில், கீழே படகு, மேலே சூரியன். ஊர்மேல் உள்ள பிரியம், திட்ட மனம் வராது. பாலத்தைத் தனித்தாளில் ஆசை தீர வரையவிட்டுவிட்டு, போஸ்டரில் நாய் முகம் மட்டும்தான் என்று சொல்லிவிடுவேன். தெருவில் நடந்துபோகிறவர் மூன்று நொடி பார்ப்பார். அந்த மூன்று நொடியும் அந்த முகத்துக்குப் போக வேண்டும்.

முகம் வரைய எளிய வழி: ஒரு பனங்காய், அதன் நடுவில் கவிழ்த்த டம்ளர். பனங்காய் தலை, டம்ளர் மூக்குப் பகுதி. டம்ளரின் மேல்விளிம்பு மட்டத்தில் கண்கள். காதைப் பனங்காயின் தோளில் வைக்க வேண்டும், உச்சியில் வைத்தால் முயலாகிவிடும். ஒரு காது மடிந்திருந்தால் மடித்தே வரையட்டும். காதில் சின்னதாக வெட்டு இருந்தால் அதையும் 'சரி' செய்துவிடக் கூடாது. கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாக இடும் வெட்டு அது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பார்க்கிறவர்களுக்கு அவர்களே விளக்குவார்கள்.

கருப்பு நாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். பிள்ளை கருப்புக் க்ரேயானை எடுத்து அழுத்தித் தேய்த்தால் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். அழுத்தும் முன் நாயை வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியில் நீலம் தெரியும், கன்னத்தில் பழுப்பு தெரியும். அந்த இரண்டையும் முதலில் இட்டு, அதன்மேல் கருப்பை லேசாக ஏற்ற வேண்டும். கண்ணைச் சுற்றி ஒரு நூல் அகலம் தாளை அப்படியே விட வேண்டும். கருவிழிக்குள் அரிசி முனை அளவு வெள்ளைப்புள்ளி விட வேண்டும். அந்தப் புள்ளி விழுந்த நொடியில் நாய் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு சத்தம் போடுவார்கள் பாருங்கள், அதற்காகவே நான் ஆண்டுதோறும் இந்த வகுப்பை எடுக்கிறேன்.

இனி எழுத்து. இங்கேதான் பெரும்பாலான போஸ்டர்கள் கெடுகின்றன. இடதுபக்கம் பெரிதாகத் தொடங்கி, வலதுபக்கம் வரும்போது இடமில்லாமல் எழுத்துகள் எலும்பாகிவிடும். காரணம், பிள்ளை எழுத்தை எண்ணுகிறது, இடத்தை எண்ணுவதில்லை. 'கோழியைத்' என்பதில் நாலு எழுத்து, 'துரத்தாது' என்பதில் ஐந்து. ஆனால் 'கோ'வுக்கு இரட்டைக்கொம்பு, க, கால் என மூன்று இடம் வேண்டும். 'ழி' ஒன்று, 'யை' இரண்டு, 'த்' ஒன்று. மொத்தம் ஏழு. 'துரத்தாது'வில் 'தா'வுக்கு மட்டும் இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. மொத்தம் ஆறு. நாலு எழுத்துச் சொல் ஐந்து எழுத்துச் சொல்லைவிட நீளம்! இதைக் கரும்பலகையில் எண்ணிக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும், தங்கள் பெயருக்கு எத்தனை இடம் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இரு ஓரமும் ஒவ்வோர் அங்குலம் விட்டால் மிச்சம் 12 அங்குலம். அதை ஏழால் வகுத்துப் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு எழுதினால் கடைசி எழுத்தும் முதல் எழுத்து மாதிரியே நிற்கும். எழுத்து ஒன்றரை அங்குல உயரம் இருக்கட்டும்.

வரிக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். 'ழி'யின் மேல்விலங்கு மேலே போகும், 'ழ'வின் வால் கீழே இறங்கும். மேல் வரி வாலும் கீழ் வரிப் புள்ளியும் முட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து இரண்டும் படிக்க முடியாது. இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருக்க வேண்டும். எழுத்தைத் தடிப்பாக்கும்போது ண, ன, ழ ஆகியவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். முதலில் சுழியின் உள்ளிடத்தை வட்டமாக வரைந்து வைத்துவிட்டு, அதைச் சுற்றித் தடிப்பாக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைப் பேனா முனையால் தொட்டுவிட்டுப் போவார்கள். அது நாலடி தள்ளிப் போனாலே காணாமல் போய்விடும். புள்ளி என்றால் சுண்டைக்காய் அளவு.

வண்ணத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சளில் கருப்பு, வெள்ளையில் கருநீலம். நீலத்தில் சிவப்பு எழுதினால் கண் கூசும், வெள்ளையில் மஞ்சள் எழுதினால் தெரியவே தெரியாது.

ஸ்கெட்ச் பேனாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உப்புக்காற்றின் ஈரத்தில் மை கசியும், வெயிலில் வெளுக்கும். மெழுகு க்ரேயான் எங்கள் காற்றுக்குத் தாங்குகிறது. போஸ்டர் கலர் அடித்திருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வெள்ளை மெழுகுவத்தியைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டால் சாரலுக்கு ஓரளவு நிற்கும்.

கீழ்ப் பட்டையில் பெயர், வயசு, கடுவனா பெட்டையா, ஊசி, கருத்தடை. அதன்கீழ் போன் நம்பர். பத்து எண்ணையும் ஒரே மூச்சில் எழுதாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். 1-ம் 7-ம் குழம்பாமல் இருக்க வேண்டும். நம்பர் எப்போதும் பொறுப்பான பெரியவருடையதாகவே இருக்கட்டும், அவரிடம் கேட்டுவிட்டு. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, தெரு, படம் எதுவும் போஸ்டரில் வரக் கூடாது. 'வரைந்தது: ஆறாம் வகுப்பு' என்பது போதும். 'மாலை 5 முதல் 8 வரை கூப்பிடவும்' என்று நேரம் போட்டால் எடுப்பவருக்கும் நிம்மதி.

நாலாம் நாள்: சுவருக்குப் போகும் முன்

போஸ்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிள்ளையைப் பதினைந்து அடி பின்னால் நடக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளை மூன்று எண்ணும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு சொல்ல வேண்டும்: என்ன விலங்கு, என்ன வரி? சொல்ல முடியவில்லை என்றால் எது மறைத்தது என்று இருவருமே கண்டுபிடிப்பார்கள். நாம் குறை சொல்லத் தேவையே இருக்காது. முடிந்தால் எழுதப் படிக்கத் தடுமாறும் ஒரு பாட்டியிடமும் காட்டுங்கள். படத்தைப் பார்த்தே "இந்தக் குட்டிய யாராச்சும் வளக்கணுமா?" என்று அவர் கேட்டால் போஸ்டர் தேறிவிட்டது.

ஒட்டுவதற்கு அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அரசுச் சுவர், மின்கம்பம், பாலத் தூண் எதுவும் வேண்டாம். மரத்தில் ஆணி அடிப்பது கூடவே கூடாது. டீக்கடை, மளிகைக் கடை, ஐஸ் கம்பெனி வாசல், வலை பின்னும் கொட்டகை, கால்நடை மருந்தகம், நூலகம். உள்ளே போய்ப் பிள்ளையே கேட்கட்டும். "மாமா, இத ஒரு மாசம் இங்க வச்சுக்கலாமா? நாங்களே வந்து எடுத்துருவோம்." ஒரு மாதம் என்று சொல்லிக் கேட்டதில் இதுவரை எனக்கு யாரும் மறுத்ததில்லை.

கூரைக்கு அடியில், காற்று நேராக அடிக்காத பக்கம் பார்த்து வையுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பார்த்த சுவரில் எதுவும் நிற்காது. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். பிய்ந்தால் அது போய்ச் சேருமிடம் கடல்தான்.

பசை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பழைய பழக்கம். எங்கள் தெருக்களில் போஸ்டரைக் கிழித்துத் தின்பது ஆடும் மாடும். மயில்துத்தம் அவற்றுக்கு நஞ்சு. ஒரு விலங்குக்கு வீடு தேடுகிற தாள் இன்னொரு விலங்கின் வயிற்றில் நஞ்சாகப் போகக் கூடாது. பசையே வேண்டாம். அட்டையில் தைத்து, மேலே இரண்டு ஓட்டை போட்டு, வலைநூலால் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டுக்கு எட்டாத உயரம், ஆள் கண்ணுக்கு நேர். எங்கள் பிள்ளைகளுக்கு வலைமுடிச்சு என்னைவிட நன்றாகவே போடத் தெரியும்.

போன் வந்த பிறகு

போனில் பேசியே விலங்கைக் கொடுத்துவிடாதீர்கள். வந்து பார்க்கட்டும், அரை மணி நேரம் கூட உட்காரட்டும். பிறகு பெரியவர்கள் இருவர் அவர் வீட்டைப் போய்ப் பார்க்கட்டும். பகலில் கட்டிப்போடுவார்களா, நிழல் இருக்கிறதா, வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள், இவ்வளவு கேட்டால் போதும். வரைந்த பிள்ளையையும் கூட்டிப்போங்கள். நோட்டில் எழுதி வைத்ததை அந்த வீட்டாரிடம் படித்துக்காட்டுவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போய்வர வேண்டும்.

ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டு, போஸ்டரில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். சாம்பல் நிறக் கடுவன் ஒன்று இப்படி இரண்டு தடவை திரும்பி வந்தது, ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று. மூன்றாம் போஸ்டரில் பிள்ளைகள் அதையே பெரிதாக எழுதினார்கள். வலை, இன்ஜின் எல்லாம் வைத்திருக்கும் கொட்டகைக்குக் காவல் வேண்டும் என்று ஒருவர் வந்து கூட்டிப்போனார்.

வீடு கிடைத்த அன்றே போஸ்டரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதைத் தத்தெடுத்த வீட்டுக்கே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். உச்சிப்புளி வீட்டில், நம்பர் இருந்த பட்டையை மட்டும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைக் கோழிக்கூண்டுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள்.